சாவடியை இருமுறை தாண்டிய கட்டில்

1937-ஆம் வருடம் பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி அளவில், மடுகரைக்கு மேற்கே இங்கிலீஷ் எல்லைக்குள், விழுப்புரம் சாலையில் ஒரு லாரி ஒரு கரும்பு வண்டியின் மேல் மோதியது. லாரி நிற்கவில்லை.

வண்டியோடு நடந்து வந்தவன் அரங்கநாதன். முப்பத்துநான்கு வயது. மடுகரையை ஒட்டிய புங்கந்தோப்பு என்ற சிற்றூரில் குடியிருந்தான். அவனுக்கும் அவன் அண்ணன் சாமிநாதனுக்கும் பொதுவான கரும்புக் கொல்லை இங்கிலீஷ் எல்லையில் இருந்தது. வீடு பிரெஞ்சு எல்லையில். அந்தப் பக்கத்தில் இது புதுமையில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு சர்க்காருக்கும் மீதிப் பேர் இன்னொரு சர்க்காருக்கும் வரி கட்டினார்கள். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே எல்லைக் கல்லும், அதை ஒட்டி இங்கிலீஷ்காரரின் சுங்கச் சாவடியும் இருந்தன. சாவடியில் சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். உள்ளூர் மாட்டு வண்டிக்கு அது பெரும்பாலும் கேள்வியில்லாமல் உயரும். மோட்டார் வந்தால் நிறுத்தி, நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் உயரும்.

அந்த லாரி புதுச்சேரியில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சாவடியில் நின்றது, நம்பர் கொடுத்தது, பிறகு வேகம் எடுத்தது. தை மாதப் பனி விலகவில்லை. இரண்டு பர்லாங் போவதற்குள் எதிரே கரும்பு வண்டி வந்துவிட்டது. வலத்து மாட்டுக்குக் கால் முறிந்தது, நுகத்தடி இரண்டாக உடைந்தது. அரங்கநாதன் சக்கரத்துக்கும் லாரிக்கும் நடுவே அகப்பட்டு, லாரி ஒடித்துக்கொண்டு விலகிப் போனபோது சாலையில் கிடந்தான்.

பார்த்தவள் ஒருத்திதான். மேற்கே இருந்த இங்கிலீஷ் கிராமத்துக்காரி, சின்னபொண்ணு என்று பெயர். பக்கத்துக் கொல்லையில் களை வெட்ட வந்திருந்தாள். அவள் போட்ட கூச்சலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சாமிநாதனும் நான்கு கூலியாட்களும் ஓடி வந்தார்கள். அரங்கநாதனுக்கு நினைவு இருந்தது. வெளியே பெரிய காயமில்லை. காதோரம் கொஞ்சம் கிழிந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மார்பு ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அவன் அண்ணனைப் பார்த்து, "மாடு?" என்று மட்டும் கேட்டான்.

சின்னபொண்ணு எட்டு மணிக்கு பஸ் வரும் என்றாள். விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும், அதில் ஏற்றிவிடுங்கள் என்றாள். சாமிநாதன் தம்பி மூச்சு விடுவதைப் பார்த்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் வாயோரத்தில் நுரை வந்தது. எட்டு மணிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பிறகு பத்துக் கல் தொலைவு.

புங்கந்தோப்பில் வெளியே செத்தவனை ஊருக்குள் கொண்டு வருவதில்லை. எல்லையிலேயே இறக்கிவைத்து, அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டு வாசலில் பந்தல் கிடையாது, குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பது கிடையாது, பெண்டுகள் சுற்றி உட்கார்ந்து அழவும் முடியாது. மூன்று வருடம் முன்பு கடலூரில் காய்ச்சலில் செத்தவன் ஒருவனை அவன் தாயார் எல்லையில் வந்துதான் பார்த்தாள். எனவே பிழைக்கமாட்டான் என்று தெரிந்தால் உயிர் போவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சாமிநாதன் யோசித்ததாகவே தெரியவில்லை. கொல்லைக் குடிசையிலிருந்த கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னான். நான்கு ஆட்கள் தூக்கினார்கள்.

சாவடியில் சுங்கக் குமாஸ்தா வெளியே வந்து பார்த்தான். உயிர் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றான் சாமிநாதன். மூங்கில் உயர்ந்தது.

அரங்கநாதன் தன் வீட்டு நடையில், மனைவி தனக்கொடி கையால் இரண்டு வாய் தண்ணீர் வாங்கிக்கொண்டு, ஏழே முக்காலுக்கு இறந்தான். ஊர் நாட்டாண்மை பச்சையப்பன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிரோடு வந்து சேர்ந்துவிட்டான், சாமிநாதன் செய்ததுதான் சரி என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அதற்குள் மேற்கே சாலையில், இங்கிலீஷ் கிராமத்துப் பெண்கள் ரத்தம் கிடந்த இடத்தைக் கால் மிதிக்கக்கூடாதென்று சாணம் கரைத்துத் தெளித்திருந்தார்கள். உடைந்த வண்டியையும் யாரோ வரப்போரம் இழுத்துவிட்டிருந்தார்கள்.

எரிப்பதற்கு முன் சாவைப் பதிவு செய்ய வேண்டும். சாமிநாதன் ஒன்பது மணிக்கு பிரெஞ்சு போலீஸ் தாணாவுக்குப் போனான். பிரிகாதியே என்று அழைக்கப்பட்ட தலைமைக் காவலர் மரியதாஸ் முப்பது வருடம் சர்வீஸ் ஆனவர், வயிற்று வலிக்காரர். எங்கே நடந்தது என்று கேட்டார். சாவடிக்கு மேற்கே இரண்டு பர்லாங் என்றதும் பேனாவை மூடி வைத்தார். இங்கிலீஷ் தரையில், இங்கிலீஷ் லாரி இடித்ததற்குத் தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். லாரி என்று எழுதினால் புதுச்சேரியிலிருந்து டாக்டர் வர வேண்டும். பிணம் இரண்டு நாளோ மூன்று நாளோ கிடக்கும். காகிதம் கவர்னர் கச்சேரிக்குப் போகும். அங்கிருந்து இங்கிலீஷ்காரருக்கு எழுதுவார்கள். மறுமொழி வருவதற்குள் தாம் பென்ஷன் வாங்கிவிடுவோம் என்றார்.

"வண்டியிலிருந்து வுழுந்து அடிபட்டு, வூட்டுல செத்தான்னு எழுதறேன். ரெண்டு சாட்சி கையெழுத்து போட்டா மத்தியானமே எடுத்துடலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சாமிநாதனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விடியற்காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கால் முறிந்த மாடு வேறு இன்னும் சாலையோரத்தில் படுத்துக் கிடந்தது. சரி என்று சொல்லிவிட்டு, சாட்சிக்கு ஆள் கூட்டிவரத் திரும்பினான்.

வீட்டு வாசலில் பாடை கட்ட மூங்கில் வந்திருந்தது. ஆண்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மெதுவாக, "காலங்காத்தாலயே ஊத்திக்கினு போயிருப்பானோ?" என்று கேட்டது சாமிநாதன் காதில் விழுந்தது. இன்னொருவன் தலையை ஆட்டினான். அரங்கநாதன் ஒரு காலத்தில் குடித்தவன். சாராயக் கடையிலிருந்து அவனைத் தூக்கி வந்த நாட்கள் உண்டு. மயிலம் முருகன் கோயிலில் முடி இறக்கிச் சத்தியம் செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடத்தில் அவன் தொடவில்லை என்பது தனக்கொடிக்குத் தெரியும். சாமிநாதனுக்கும் தெரியும். ஊருக்கு அது அவ்வளவாக நினைவில்லை.

மரியதாஸ் சொன்னதைச் சாமிநாதன் உள்ளே போய்த் தனக்கொடியிடம் சொன்னான். அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான்.

"வுழுந்தாருன்னு எழுதினா குடிச்சாருன்னு படிப்பாங்க மாமா" என்றாள்.

"எவன் படிக்கப் போறான்? அது கச்சேரியில கெடக்கிற காயிதம்."

"எனக்கு ரெண்டு பொட்டப் புள்ள. நாளைக்கு எவனாவது பொண்ணு கேட்டு வந்தா அப்பன் எப்பிடி செத்தான்னு கேக்க மாட்டானா? குடிச்சிட்டு வண்டியிலேருந்து வுழுந்தவன் மவளுங்கன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஆளா இல்ல? இடிச்சது லாரி. லாரின்னு எழுதட்டும்."

எழுதுகிற கச்சேரி இது இல்லை என்று சாமிநாதன் விளக்கினான். அப்படியானால் எழுதுகிற கச்சேரிக்குப் போங்கள் என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. சுற்றியிருந்த பெண்கள் அழுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாமிநாதன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி மேற்கே நடந்தான்.

சாவடியில் குமாஸ்தாவிடம் காலையில் போன லாரியின் நம்பரைக் கேட்டுப் பார்த்தான். நோட்டு குமாஸ்தாவின் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே ஒரு லாரிதான் போயிற்று என்பது வரைக்கும் அவன் சொன்னான். நம்பரைச் சொல்ல அதிகாரமில்லை, போலீஸ் கேட்டால் காட்டலாம் என்றான். கேஸ் பதிவானால் போலீஸ் கேட்கும். அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். சாமிநாதன் வேண்டாம் என்றான். தீட்டுக்காரன் பிறர் பாத்திரத்தைத் தொடுவது எப்படி?

இங்கிலீஷ் கிராமத்தின் முன்சீப் சுப்பராயலு தம் மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குப் புண் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஊர்ச் சாவுகளைப் போலீஸுக்கு எழுதியனுப்புவது அவருடைய வேலைகளில் ஒன்று. சாமிநாதன் தாழ்வாரத்துக்கு வெளியே வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவர் கையைக் கழுவிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"காலையிலேயே தலையாரி வந்து சொன்னான். நீ வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன். மணி என்னா இப்ப, ஒண்ணு" என்றார். பிறகு கேட்டார்: "வண்டிய யார் நகத்தினது?"

"தெரியாதுங்க. நான் போயிட்டேன்."

"ரத்தத்து மேல சாணி தெளிச்சது?"

"உங்க ஊர்ப் பொம்பளைங்கதான்."

"அவளுங்களுக்குத் தெரிஞ்ச சுத்தம் அது. வண்டி கெடந்தது கெடந்தபடி இருக்கணும். ரத்தத்தச் சுத்தி நாலு கல்லு வெச்சிட்டு ஒரு ஆள நிறுத்திட்டு எனக்குச் சொல்லியனுப்பியிருந்தா, எட்டு மணிக்கு நான் அங்க நின்னிருப்பேன். சரி, அது போச்சு. பொணம் எங்க?"

"வூட்டுல."

"பிரெஞ்சுல?"

"ஆமாங்க."

சுப்பராயலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் தம்பி சீமைக்குப் போயிட்டான்யா. சீமைப் பொணத்த நான் எப்பிடிப் பாக்கறது?"

சாமிநாதன் கேட்காமலே வைக்கோல் போரின் நிழலில் உட்கார்ந்தான். முன்சீப் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கேஸ் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் பிணம் இங்கிலீஷ் தரையில் இருக்க வேண்டும், ஐந்து பஞ்சாயத்தார் காயத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அப்புறம் அறிக்கை ஸ்டேஷனுக்குப் போகும். ஸ்டேஷன்காரர் சாவடி நோட்டைத் திறப்பார்கள். லாரி கிடைக்கும். கிடைக்காமல் போக வழியில்லை, ஒரு மணி நேரத்தில் ஒரே லாரி. பொழுது சாய்வதற்குள் பிணத்தை அடிபட்ட இடத்துக்குக் கொண்டுவந்தால் தாம் ஆட்களோடு நிற்பதாகச் சொன்னார். நாளைக்கு வந்தால் பயனில்லை. நாளைக்கு அது வேறெங்கோ செத்த பிணம் ஆகிவிடும்.

அப்புறம் எங்கே எரிப்பது என்று சாமிநாதன் கேட்டான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுத்துப் பார்ப்பார்கள், பிறகு எங்கள் ஊர் ஓடைக்கரையில் எரித்துக்கொள்ளலாம், நான் சொல்லிவிடுகிறேன் என்றார். உங்கள் ஊரில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள், அதுதானே, என்றும் அவரே கேட்டார். ஆமாம் என்றான் சாமிநாதன்.

திரும்பி நடக்கும்போது, இதைக் கேட்டால் தனக்கொடி வேண்டாமென்று சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். அதில் அவனுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டால் மரியதாஸிடம் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம். இருட்டுவதற்குள் எரித்துவிட்டு, ஏரியில் குளித்துவிட்டு, ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம்.

மூன்றரை மணிக்கு வீடு சேர்ந்தான். பாடை கட்டி முடிந்திருந்தது. பறையடிக்கிறவர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முன்சீப் சொன்னதையெல்லாம் அவன் தனக்கொடியிடம் சொன்னான். எடுத்துப் போனால் திரும்பாது என்பதை இரண்டு தடவை சொன்னான். அறுப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

"அங்க லாரின்னு எழுதுவாங்களா?"

"பொணம் அங்க இருந்தா எழுதுவாங்க."

"அப்ப தூக்குங்க" என்றாள்.

நாட்டாண்மை பச்சையப்பன் உள்ளே வந்தார். கத்துகிற மனிதர் அல்ல. வீட்டில் செத்தவனை வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குத்தான் எடுக்க வேண்டும், சாலைக்கு எடுத்துப் போவது பிணத்தை வீட்டைவிட்டுத் துரத்துவது போல என்றார். அப்படி எடுத்தால் ஊரார் ஒருவரும் தோள் கொடுக்கமாட்டார்கள், பதினாறாம் நாளுக்கும் வரமாட்டார்கள், அது தாம் ஏற்படுத்தின வழக்கம் இல்லை என்றார். கடைசியில், "உசுரோட வூடு வந்து சேந்த புண்ணியவான். அந்தப் புண்ணியத்த நீ ஏன்மா கெடுக்கற?" என்று கேட்டார்.

"வந்து சேந்துட்டாரு இல்ல? அந்தப் புண்ணியம் வந்துடிச்சு" என்றாள் தனக்கொடி. "இனிமே அவுரு பேருக்கு ஒரு வழி பண்ணணும். நீங்க யாரும் தூக்க வேணாம் பெரியப்பா. தூக்கறவங்க தூக்கட்டும்."

பறையடிக்கிறவர்கள் பச்சையப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு நெருப்பை அவித்தார்கள். காலையில் கட்டிலைத் தூக்கி வந்த நான்கு கூலியாட்கள் கூலியும் வாங்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேற்கே இங்கிலீஷ் கிராமத்துக்காரர்கள். சாமிநாதன் அவர்களிடம் போய் நின்றான். மூத்தவன், "காலையில தூக்கினோம், இப்ப மட்டும் இன்னா?" என்று எழுந்தான். அதே கயிற்றுக் கட்டிலில் பிணத்தைக் கிடத்திப் போர்த்தினார்கள்.

தாணாவைக் கடக்காமல் மேற்கே போக வழியில்லை. மரியதாஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேதி அவருக்கு முன்னமே வந்திருந்தது. உத்தரவுச் சீட்டில்லாமல் பிணத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம் என்று சாமிநாதனுக்குத் தெரியும். நின்றான்.

"சாட்சி கூட்டிக்கினு வரேன்னு போனவன் நீ வரவேயில்ல. நானும் ஒண்ணும் எழுதல" என்றார் மரியதாஸ். "என் புஸ்தகத்துல இன்னிக்கு ஒருத்தரும் சாகல. ஒடம்பு சரியில்லாத ஆள கட்டில்ல தூக்கினு போனா எனக்கு இன்னாய்யா? போங்க, பொழுது போவுது."

கட்டிலுக்குப் பின்னால் சாமிநாதன். அவனுக்குப் பத்தடி பின்னால் தனக்கொடி. பெண்கள் பிணத்தோடு போவதில்லை. ஆனால் இது சுடுகாட்டுக்குப் போகிற பிணம் இல்லையாதலால் என்ன சொல்லித் தடுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளை அவள் தங்கையிடம் விட்டிருந்தாள். ஊரார் வாசல்களில் நின்று பார்த்தார்கள். சாவடியில் குமாஸ்தா எழுந்து நின்றான். காலையில் கேட்ட கேள்வியை இப்போது கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, என்ன எழுதுவதென்று புரியாமல் மூடிவிட்டு, மூங்கிலைத் தானே தூக்கினான்.

சுப்பராயலு சொன்னபடி நின்றிருந்தார். பஞ்சாயத்தார் ஐந்து பேர், தலையாரி, சின்னபொண்ணு. சூரியன் பனந்தோப்புக்குள் இறங்கியிருந்தது, எழுத வெளிச்சம் போதும். கட்டிலைச் சாணம் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். முன்சீப் போர்வையை விலக்கி மார்பைப் பார்த்தார், பஞ்சாயத்தாரையும் பார்க்கச் சொன்னார். குனிந்து பிணத்தின் வாயை முகர்ந்தார். ஐந்து பேரையும் ஒவ்வொருவராக முகரச் சொன்னார். சாராய வாடை இல்லை என்று எழுதினார். தனக்கொடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சின்னபொண்ணு லாரியின் முகப்பு நீலம் என்றாள். வலப்பக்க விளக்கு மோதியதில் நொறுங்கியது என்றாள். ஆட்கள் வெறுங்காலோடு நடக்கிற சாலையாயிற்றே என்று கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவைத்திருந்தாள். முன்சீப் அவற்றை ஒரு துணியில் முடிந்து வாங்கிக்கொண்டார். லாரி போகும்போது உள்ளேயிருந்து ஒருவன் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தான் என்றும் சொன்னாள். அப்புறம்தான் இன்னும் வேகமாகப் போனது.

அடிபட்ட பிறகு என்ன நடந்தது என்று முன்சீப் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. பேசினார், மாட்டைக் கேட்டார், எட்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்று நான் சொன்னேன், இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்றாள்.

முன்சீப் எழுதியதை உரக்கப் படித்தார். "காயம்பட்டவருக்கு அப்போது உயிரும் நினைவும் இருந்தன. எட்டு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி சாட்சி சொல்லியும், அண்ணன் சாமிநாதன் என்பவர் அவரைப் பிரெஞ்சு எல்லையிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஏழே முக்கால் மணிக்கு இறந்தார்." பிறகு காகிதத்தைச் சாமிநாதனிடம் நீட்டினார்.

"அது எழுதணுங்களா?" என்று சாமிநாதன் கேட்டான்.

"நடந்தது தானே?"

சாமிநாதன் பேனாவை வாங்கவில்லை. தனக்கொடி கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வருதுன்னு சொன்னாளா மாமா?"

"சொன்னா."

"எங்கிட்ட நீங்க சொல்லல."

பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சுதும்மா என்றான் சாமிநாதன். அவள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துப் பிணத்தின் மார்பை மூடினாள். பஞ்சாயத்தார் வேறு பக்கம் பார்த்தார்கள். தலையாரி லாந்தரைப் பற்றவைத்தான்.

"கையெழுத்து போடுங்க" என்றாள் தனக்கொடி.

சாமிநாதன் போட்டான்.

பிணம் அன்றிரவு முன்சீப்பின் களத்துக் கொட்டகையில் இருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய், மாலையில் திரும்பி வந்து, ஓடைக்கரையில் எரிக்கப்பட்டது. சாமிநாதன் கொள்ளி வைத்தான். கூலியாட்கள் நான்கு பேரும் தலையாரியும் இருந்தார்கள். புங்கந்தோப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. பதினாறாம் நாள் கரும்புக் கொல்லையில் நடந்தது. கால் முறிந்த மாட்டை அதற்கு முன்பே விற்றிருந்தார்கள்.

வியாழக்கிழமை போலீஸார் சாவடி நோட்டைத் திறந்தார்கள். ஆறு இருபத்தைந்துக்கு ஒரு லாரி பதிவாகியிருந்தது. அடுத்த வாரம் லாரி கிடைத்தது. வலப்பக்க விளக்கில் மட்டும் புதுக் கண்ணாடி இருந்தது. டிரைவர் முதலில் மறுத்தான், பிறகு மாடு மிரண்டு குறுக்கே வந்தது என்றான்.

வழக்கு ஆகஸ்டில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. டிரைவருக்காக வந்த வக்கீல் லாரி மோதியதை மறுக்கவில்லை. சாமிநாதனைக் கூண்டில் ஏற்றி, பஸ் எட்டு மணிக்கு வருமா, வந்ததா, அதில் இடம் இருந்ததா, வீட்டில் வைத்தியர் யாராவது இருந்தாரா என்று கேட்டார். சாமிநாதன் ஒவ்வொன்றுக்கும் உள்ளபடி பதில் சொன்னான். கட்டிலில் தூக்கி அலைக்காமல் கிடந்த இடத்திலேயே வைத்திருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரி டாக்டர், பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், சொல்வதற்கில்லை என்றார்.

லாரி மோதியே காயம் ஏற்பட்டது என்றும், காயம்பட்டவர் குடித்திருக்கவில்லை என்றும் தீர்ப்பில் இருந்தது. மரணத்துக்கு டிரைவரே காரணம் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றும் இருந்தது. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கும் நிற்காமல் போனதற்கும் டிரைவருக்கு மூன்று மாதத் தண்டனை. தனக்கொடி தீர்ப்பின் நகலைத் தன் தங்கை புருஷனை அனுப்பி வாங்கிவரச் செய்தாள்.

புரட்டாசியில், தனக்கொடி கேட்டதன்பேரில், கரும்புக் கொல்லையைப் பாகம் பிரித்தார்கள். கிழக்குப் பாதி தனக்கொடிக்கு வந்தது. டிரைவர் நவம்பரில் வெளியே வந்தான்.